குழந்தைக்குப் பால் அலர்ஜியா? தோல் டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

'பாப்பாவுக்குப் பால் ஒத்துக்கவே மாட்டேங்குது டாக்டர்...'

குழந்தைகள் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. இதற்குள் பல கதைகள் இருக்கும். பால் குடித்த பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்துப்போன குழந்தை இருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பி, தண்ணீராகப் போகும் குழந்தை இருக்கும். டம்ளரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையும் உண்டு. 'சளி பிடிச்சிருக்கு, பாலை நிறுத்து' என்று பாட்டி சொன்னதால் பால் நின்றுபோன குழந்தையும் உண்டு.

சமீப காலமாக இதோடு இன்னொரு வாக்கியமும் சேர்ந்திருக்கிறது. 'ஸ்கின் டெஸ்ட் எடுத்தோம், பாலுக்கு பாசிட்டிவ்னு வந்துடுச்சு. அன்னையிலிருந்து வீட்ல பால், தயிர், நெய் எதுவுமே தர்றதில்லை.'

'சரி, டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி பால் குடிச்சப்ப என்ன ஆச்சு?' என்று கேட்டால் சில பெற்றோர் யோசிக்கிறார்கள். 'அப்ப ஒண்ணும் ஆகலையே... நல்லாத்தான் குடிச்சான்!'

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. தோல் டெஸ்ட் நல்ல டெஸ்ட். ஆனால், அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம் வேறொரு கேள்வியைக் கேட்டுவிட்டு அதன் பதிலை எடுத்துக்கொண்டால், ஒன்று, வளரும் குழந்தைக்கு வேண்டிய சத்தை வீணாகப் பறித்துவிடுவோம். அல்லது, நிஜமாகவே ஆபத்தில் இருக்கும் குழந்தையை 'நார்மல்' என்று அனுப்பிவிடுவோம். இரண்டுமே நடக்கக்கூடியவை என்பதால் இந்த வாரம் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில், அலர்ஜி வேறு... செரிக்காதது வேறு!

பாலில் புரதமும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. அந்தச் சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்க வைக்கும் என்சைம் குடலில் குறைவாக இருந்தால் வயிறு உப்பும், காற்று பிரியும், வயிற்றுப்போக்கு வரும். கடுமையான வயிற்றுப்போக்கு வந்து தேறிய குழந்தைகளுக்குச் சில நாள்கள் இந்தத் தொல்லை இருப்பதுண்டு. பெரியவர்களிலும் நிறைய பேருக்கு உண்டு. இது அவஸ்தைதான், ஆனால் அலர்ஜி அல்ல. இதைத் தோல் டெஸ்ட்டில் கண்டுபிடிக்கவும் முடியாது.

அலர்ஜி என்பது பாலில் உள்ள புரதத்தின் மீது நம் உடலின் எதிர்ப்பு சக்தி காட்டும் கோபம். பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவிகிதம் கேசின். மீதி 20 சதவிகிதம் வே புரதங்கள். இந்தப் புரதங்களை எதிரி என்று தப்பாக முடிவு செய்துவிடும் உடல், அவற்றுக்கு எதிராகப் படை திரட்டுகிறது.

அந்தப் படையிலும் இரண்டு விதம் உண்டு. முதல் வகையில் 'ஐஜிஇ' என்ற எதிர்ப்பொருள் வேலை செய்யும். பால் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காணாக்கடி மாதிரி தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குவது, வாந்தி, இருமல், மூச்சிரைப்பு எல்லாம் வரலாம். இது உடனடி வகை. இரண்டாவது வகையில் ஐஜிஇ-க்குப் பங்கு இல்லை. பல மணி நேரம் கழித்தோ, ஒன்றிரண்டு நாள் கழித்தோ, பெரும்பாலும் வயிற்றில் தொல்லை காட்டும். மலத்தில் ரத்தக்கோடு, சளி, தொடர் வாந்தி, எடை ஏறாமல் இருப்பது போன்றவை இதில் வரும். இது தாமத வகை.

தோல் டெஸ்ட் தேடுவது அந்த ஐஜிஇ-யை மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாமே எளிதாகப் புரிந்துவிடும்.

டெஸ்ட் எப்படிச் செய்கிறார்கள்?

'குழந்தைக்கு ஊசியா!' என்று பதறத் தேவையில்லை. 'ஸ்கின் பிரிக் டெஸ்ட்' என்பது ஊசி போடுவது அல்ல. முன்கையின் உள்பக்கத்திலோ, சின்னக் குழந்தை என்றால் முதுகிலோ, பால் புரதக் கரைசலை ஒரு சொட்டு வைப்பார்கள். அந்தச் சொட்டின் வழியாக லேன்செட் எனும் சின்ன முனையால் தோலின் மேற்பரப்பை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சில நேரம் கரைசலுக்குப் பதிலாகப் பாலையே வைத்தும் செய்வதுண்டு.

பக்கத்தில் இன்னும் இரண்டு சொட்டுகள் இருக்கும். ஒன்று ஹிஸ்டமின். அது வைத்த இடம் கண்டிப்பாகத் தடிக்க வேண்டும். தடிக்காவிட்டால், ஏதோ மருந்து தோலை அடக்கி வைத்திருக்கிறது, டெஸ்ட்டை நம்ப முடியாது என்று அர்த்தம். இன்னொன்று வெறும் உப்புநீர். அது தடிக்கவே கூடாது. தடித்தால், தொட்டாலே சிவந்து தடிக்கும் தோல் அது. அப்போதும் டெஸ்ட்டை அப்படியே நம்ப முடியாது.

15 நிமிடம் காத்திருந்து அளவெடுப்பார்கள். பால் வைத்த இடத்தில் கொசுக்கடி மாதிரி எழும்பும் தடிப்பு, உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் 'பாசிட்டிவ்'. சிவப்பை அளப்பதில்லை, மேடாக எழும்பிய தடிப்பைத்தான் அளப்பார்கள். நம்முடைய மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால், விரலால் தடவிப் பார்த்து அளப்பது இன்னும் முக்கியம்.

'எத்தனை வயசுக்கு மேல செய்யலாம்?' என்று கேட்பவர்கள் உண்டு. சில மாதக் குழந்தைக்கும் செய்யலாம். சின்னக் குழந்தைகளின் தோலில் தடிப்பு சிறியதாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டெஸ்ட்டுக்கு முன் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. செட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்துகளைச் சில நாள்களுக்கு முன்பே, டாக்டர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பல சளி சிரப்புகளிலும் இந்த வகை மருந்து கலந்திருக்கும். 'அலர்ஜி மருந்து எதுவும் தரலை, சளி மருந்துதான் தந்தோம்' என்று சொல்வதற்கு முன், அந்தப் பாட்டிலையே கையோடு எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை இதற்காக நிறுத்தக் கூடாது.

இந்த டெஸ்ட்டில் மோசமான விளைவு வருவது மிகவும் அபூர்வம். இருந்தாலும், அட்ரினலின் மருந்தும் அதைப் போடத் தெரிந்தவர்களும் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். கேம்ப் போட்டு வரிசையாக நிற்கவைத்துச் செய்கிற டெஸ்ட் அல்ல இது.

நூறு வருட முறை

'அலர்ஜி' என்ற சொல்லே 1906-ல் பிறந்ததுதான். வியன்னாவின் குழந்தைகள் டாக்டர் கிளெமென்ஸ் வான் பிர்கே சூட்டிய பெயர் அது. 1912-ல் நியூயார்க்கில் ஆஸ்கர் ஷ்லாஸ் என்ற டாக்டர், முட்டை, பாதாம், ஓட்ஸ் ஆகியவை ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுவனின் தோலைக் கீறி, அந்த உணவுகளை வைத்து டெஸ்ட் செய்து பதிவு செய்தார். ஐஜிஇ என்று ஒன்று இருப்பது 1960-களில்தான் தெரியவந்தது. அதாவது, காரணம் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே தோல் விடை சொல்லத் தொடங்கிவிட்டது. ஆனால், ஷ்லாஸிடம் வந்த சிறுவனுக்கு முதலில் சாப்பாட்டால் தொந்தரவு வந்தது, அதன் பிறகுதான் டெஸ்ட் நடந்தது. இந்த வரிசையைத்தான் இன்று பல இடங்களில் தலைகீழாக்கிவிட்டோம்.

மூன்று குழந்தைகள், மூன்று ரிசல்ட்

புரிந்துகொள்ள வசதியாக மூன்று குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் குழந்தைக்கு ஏழு மாதம். அதுவரை தாய்ப்பால் மட்டும். முதன்முதலாகப் பால் சோறு ஊட்டுகிறார்கள். ஐந்தாவது நிமிடம் வாயைச் சுற்றித் தடிப்பு, பத்தாவது நிமிடம் வாந்தி, கண்ணிமை வீக்கம். பிறகு செய்த தோல் டெஸ்ட்டில் 7 மில்லிமீட்டர் தடிப்பு. இங்கே நடந்த சம்பவமும் டெஸ்ட்டும் ஒன்றையே சொல்கின்றன. இது உடனடி வகைப் பால் அலர்ஜிதான். பாலை நிறுத்தியே ஆக வேண்டும்.

இரண்டாவது குழந்தைக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். தினமும் இரண்டு வேளை பால், மதியம் தயிர் சாதம். எந்தத் தொந்தரவும் இல்லை. 'கரப்பானுக்குக் காரணம் கண்டுபிடிப்போம்' என்று டெஸ்ட் எடுக்கிறார்கள். பாலுக்கு 4 மில்லிமீட்டர். பாசிட்டிவ்! பாலை நிறுத்தலாமா?

வேண்டாம். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இப்படிப் பல உணவுகளுக்கும் பாசிட்டிவ் வருவது சகஜம். அந்தக் குழந்தையின் உடல் பாலுக்கு ஐஜிஇ தயாரித்து வைத்திருக்கிறது, ஆனால் பாலோடு சண்டைக்குப் போகவில்லை. புகார்ப் புத்தகத்தில் ஒருவர் பெயர் இருப்பதும், அவர் குற்றவாளி என்று நிரூபணமாவதும் ஒன்றா? தினமும் பால் குடித்து நன்றாக இருக்கிறதே, அதுதான் பெரிய சாட்சி. இதைக் கண்டுகொள்ளாமல் பாலை நிறுத்தினால், சத்து நஷ்டத்தோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. கரப்பான் உள்ள சில குழந்தைகளுக்கு, தாங்கிக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி புதிதாக வந்திருக்கிறது. இல்லாத நோய்க்குப் பத்தியம் இருந்து, நோயை வரவழைத்துக்கொள்வது போலத்தான் இது.

மூன்றாவது குழந்தைக்கு இரண்டு மாதம். புட்டிப்பால் குடிக்கிறது. மலத்தில் அடிக்கடி ரத்தக்கோடு. தோல் டெஸ்ட்டில் ஒன்றுமே எழும்பவில்லை. 'நெகட்டிவ்! அப்ப பால் காரணமில்லை' என்று நிம்மதியாகிவிடலாமா? முடியாது. இது தாமத வகையாக இருக்கலாம். அதில் ஐஜிஇ இல்லை என்பதால் தோல் டெஸ்ட் மௌனமாகத்தான் இருக்கும். வேறு காரணங்கள் இல்லை என்று டாக்டர் உறுதி செய்துகொண்ட பிறகு, இரண்டு முதல் நான்கு வாரம் பசும்பால் புரதத்தை நிறுத்திப் பார்த்து, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் இங்கே டெஸ்ட். நிறுத்தியதும் சரியாகி, கொடுத்ததும் திரும்ப வந்தால் சந்தேகமில்லை.

பலர் பாதியில் விடுவது அந்த இரண்டாவது படியைத்தான். 'நிறுத்தினோம், சரியாகிவிட்டது, எதற்கு வம்பு?' என்று நிறுத்தியதை நிறுத்தியபடியே வைத்துவிடுகிறார்கள். கைக்குழந்தைகளின் பல தொந்தரவுகள் தானாகவே சரியாகிவிடும். திரும்பக் கொடுத்துப் பார்க்காமல், சரியானதற்குக் காரணம் பாலை நிறுத்தியதா, நாள் கடந்ததா என்று சொல்லவே முடியாது. ஒரு விதிவிலக்கு: பால் கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் விடாமல் வாந்தியெடுத்து, வெளிறித் துவண்டுபோன குழந்தைக்கு வீட்டில் இப்படித் திரும்பக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

தடிப்பு பெரிதாக இருந்தால்?

தடிப்பு பெரிதாகப் பெரிதாக, நிஜமான அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ராயல் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் 2000-ம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பால் டெஸ்ட்டில் 8 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த குழந்தைகளுக்குப் பால் கொடுத்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் அலர்ஜி வந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த எல்லை 6 மில்லிமீட்டர். 3-க்கும் இந்த அளவுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் குழப்பமான கூட்டம். பயன்படுத்தும் கரைசலைப் பொறுத்தும், டெஸ்ட் செய்யப்படும் குழந்தைகளைப் பொறுத்தும் இந்த எல்லைகள் மாறும் என்பதால், இதை நாமே ஸ்கேல் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்றும் முக்கியம். தடிப்பின் அளவு, அலர்ஜி இருக்கும் வாய்ப்பைத்தான் சொல்லும். வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதைச் சொல்லாது. '4 மில்லிமீட்டர்தானே, லேசான அலர்ஜிதான்' என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். '10 மில்லிமீட்டராச்சே' என்று தூக்கத்தைத் தொலைக்கவும் வேண்டாம்.

நம் பக்கத்து மாநிலத்துக் கணக்கு

பாசிட்டிவ் வேறு, அலர்ஜி வேறு என்பதற்கு நம் அருகிலேயே சான்று இருக்கிறது. கர்நாடகாவில் பெரியவர்களிடம் நடந்த பெரிய உணவு அலர்ஜி ஆய்வு 2016-ல் வெளியானது. பல்வேறு உணவுகளுக்கான ரத்தப் பரிசோதனையில், 26.5 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தது. ஆனால், உணவு அலர்ஜி இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவிகிதம் மட்டுமே. டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால், நான்கில் ஒருவர் எதையாவது சாப்பிடாமல் நிறுத்தியிருப்பார்!

ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் சுமார் 12,000 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கண்காணித்தார்கள். கொடுத்துப் பார்த்து உறுதி செய்யப்பட்ட பால் அலர்ஜி 0.54 சதவிகிதம்தான். அதாவது, 200 குழந்தைகளில் ஒரு குழந்தைக்குச் சற்று அதிகம்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. பால் அலர்ஜிக்கான விசேஷ பால் பவுடருக்கு டாக்டர்கள் எழுதிய சீட்டுகள் 2006-ல் சுமார் ஒரு லட்சம். 2016-ல் அது ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு குழந்தைகளுக்குத் திடீரென அலர்ஜி வந்துவிட்டதா, அல்லது அழுகை, கக்கல், தூக்கமின்மை என்று குழந்தைகளுக்கு இயல்பாக வருவதெல்லாம் அலர்ஜி ஆகிவிட்டதா என்று 2018-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழே கேள்வி எழுப்பியது. பால் பவுடர் கம்பெனிகளின் செல்வாக்கையும் அந்தக் கட்டுரை சுட்டிக்காட்டியது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்ய 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. ஆனால், பயத்துக்கு விளம்பரம் தேவையில்லையே!

அப்படியானால் கடைசித் தீர்ப்பு எது?

சாப்பிட்டுப் பார்ப்பதுதான். 'ஓரல் ஃபுட் சேலஞ்ச்' என்பார்கள். ஆஸ்பத்திரியில், டாக்டர் முன்னிலையில், முதலில் ஒரு சொட்டுப் பாலில் ஆரம்பித்து, 15 முதல் 30 நிமிட இடைவெளியில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்த வயதுக் குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவு வரை ஒன்றும் ஆகாவிட்டால், அலர்ஜி இல்லை. ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, மருந்து கொடுப்பார்கள். பெற்றோருக்கும் டாக்டருக்கும்கூட எதில் பால் இருக்கிறது என்று தெரியாமல் மறைத்துக் கொடுக்கும் முறை 1976-ல் அறிமுகமானது. ஆராய்ச்சிகளில் இன்றும் அதுதான் உச்சபட்ச அளவுகோல்.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. நம் முதல் குழந்தை மாதிரி சம்பவமும் தெளிவு, டெஸ்ட்டும் தெளிவு என்றால் சேலஞ்ச் தேவையில்லை. கதை ஒன்று சொல்லி, டெஸ்ட் வேறொன்று சொல்லும்போதுதான் இது வேண்டும். இதை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

வீட்டில் நடக்கும் வைத்தியங்கள்

'நல்லாக் காய்ச்சிக் கொடுத்தா ஒண்ணும் ஆகாது' என்பார்கள். தவறு. கேசின் புரதம் சூட்டுக்கு அசராது. கேக், பிஸ்கட் போல மாவோடு சேர்ந்து நீண்ட நேரம் பேக் செய்த பாலை, பால் அலர்ஜி உள்ள பல குழந்தைகள் தாங்கிக்கொள்வது உண்மைதான். ஆனால், யாருக்குத் தாங்கும் என்பதை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும்.

'பசும்பால் சேரலைன்னா ஆட்டுப்பால் கொடு' என்பதும் ஆபத்து. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும் அப்படித்தான். நாட்டு மாட்டின் 'ஏ2' பாலும் அலர்ஜிக்கு மாற்று அல்ல. ஒரே ஒரு புரதத்தில் சின்ன வித்தியாசம், மற்றவை எல்லாம் அதேதான்.

தெருவில் கழுதையோடு வந்து சங்கில் பால் கறந்து கொடுப்பவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். கழுதைப்பாலின் புரதம் பசும்பாலிலிருந்து வேறுபட்டது, பால் அலர்ஜி உள்ள குழந்தைகள் பலர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்று இத்தாலி ஆய்வுகள் சொல்வது நிஜம். ஆனால், அவை சுத்திகரித்து, சத்துக் கணக்குப் பார்த்து, மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்தவை. தெருவில் பச்சையாகக் கறந்து புகட்டினால் கிருமித்தொற்று வரலாம். கொழுப்புச் சத்தும் அதில் மிகக் குறைவு.

நெய்யிலும் துளிப் புரதம் ஒட்டியிருக்கும். கடுமையான அலர்ஜி இருந்தால் அதுவும் வேண்டாம். பாக்கெட் உணவில் பால் இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. பால் பவுடர், கேசின், வே என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். பேக்கரி பன்னுக்கும் கோயில் பாயசத்துக்கும் லேபிள் கிடையாது. அங்கெல்லாம் வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! அலர்ஜி பசும்பாலுக்குத்தான், அம்மாவின் பாலுக்கு இல்லை. அம்மா சாப்பிடும் பாலின் புரதம் துளி அளவு தாய்ப்பாலில் வரும். அதனால் குழந்தைக்குத் தொந்தரவு தெரிந்தால் மட்டும், டாக்டர் சொல்லி அம்மா பால் பொருள்களைத் தவிர்க்கலாம். அப்போது அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை தேவைப்படும்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு, புரதத்தை நுணுக்கமாக உடைத்துத் தயாரித்த விசேஷ பவுடர் உண்டு. விலை அதிகம்தான். அதனால்தான் அலர்ஜியை உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும் என்கிறோம். பாதாம் பால், தேங்காய்ப்பால், கேழ்வரகுப் பால் எதுவும் ஒரு வயதுக்குள் அதற்கு ஈடாகாது. வளர்ந்த குழந்தைக்குக் கேழ்வரகு நல்ல துணை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

இந்த அறிகுறிகள் வந்தால் காத்திருக்காதீர்கள்

பால் குடித்த பிறகு மூச்சிரைப்பு, குரல் கம்மிப்போதல், நாக்கு வீக்கம், தடிப்போடு சேர்ந்த தொடர் வாந்தி, குழந்தை வெளிறித் துவண்டுபோவது... இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் இருக்கும் அலர்ஜி சிரப் தடிப்பைக் குறைக்குமே தவிர, இதைத் தடுத்து நிறுத்தாது. குழந்தையைப் படுக்க வையுங்கள், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியெடுக்க வைப்பது, கைவைத்தியம் புகட்டுவது வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு

பெரும்பாலான குழந்தைகள் பால் அலர்ஜியைக் கடந்து வந்துவிடுவார்கள். அந்த ஐரோப்பிய ஆய்வில், அலர்ஜி உறுதியான குழந்தைகளை ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, பத்தில் சுமார் ஏழு பேருக்குப் பால் ஒத்துக்கொண்டது. தாமத வகையினர் சீக்கிரம் தேறினார்கள். தோல் டெஸ்ட் இங்கேதான் இன்னொரு முறை உதவுகிறது. 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும்போது தடிப்பு சுருங்கிக்கொண்டே வந்தால், பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். ஒரு முறை 'அலர்ஜி' என்று எழுதிய சீட்டு, ஆயுள் தண்டனை அல்ல.

டாக்டரிடம் போகும் முன்...

டெஸ்ட்டைவிடப் பெரிய ஆதாரம் உங்களிடம்தான் இருக்கிறது. இவற்றை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள்.

* குழந்தை என்ன குடித்தது, எவ்வளவு?
* எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரம் கழித்துத் தொந்தரவு வந்தது?
* ஒவ்வொரு முறையும் வருகிறதா, ஒரு முறைதான் வந்ததா?
* தயிர், பிஸ்கட், பாயசம் சாப்பிட்டபோது என்ன ஆனது?
* தடிப்பு வந்தபோது செல்போனில் எடுத்த போட்டோ இருக்கிறதா?

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று.

* இது உடனடி வகையா, தாமத வகையா?
* இந்த டெஸ்ட் ரிசல்ட், என் குழந்தைக்கு நடந்ததோடு பொருந்துகிறதா?
* பாலை நிறுத்தினால், எப்போது திரும்பக் கொடுத்துப் பார்ப்போம்?

ஐம்பது, நூறு உணவுகளுக்கு ஒரே நேரத்தில் டெஸ்ட் எடுக்கச் சொன்னால், 'எந்தச் சந்தேகத்துக்காக?' என்று தயங்காமல் கேளுங்கள். 'ஐஜிஜி' என்ற பெயரில் செய்யும் உணவு அலர்ஜி ரத்தப் பரிசோதனைகளையும், தலைமுடியை வைத்துச் சொல்லும் டெஸ்ட்களையும் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். ஐஜிஜி என்பது, அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் காட்டும்.

உங்கள் வீட்டில் டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பாலை நிறுத்திய குழந்தை இருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிடாதீர்கள். நிறுத்தி நாளாகிவிட்டதென்றால் திரும்பக் கொடுப்பதையும் டாக்டர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். அந்த ரிப்போர்ட்டோடு, மேலே சொன்ன பேப்பரையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள்.

அடுத்த வாரம், குழந்தைகளின் கரப்பானைப் பற்றிப் பேசுவோம்.